வன்னிக் குளக்கரையில் ஓர் இரவு தங்க: அனுமதி எடுக்கும் வழி

வன்னியில் பெரிய மலைகள் கிடையாது, மலை ஏரியும் கிடையாது. எங்களுக்கு இருப்பவை காட்டுக்கு நடுவே கிடக்கும் குளங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை, தண்ணிமுறிப்பு, பாவற்குளம் என்று பெரியவை ஒரு பக்கம். பெயர்ப்பலகைகூட இல்லாத சின்னக் குளங்கள் இன்னொரு பக்கம். விடியப்புறம் குளக்கட்டில் நின்று பார்த்தவருக்கு அங்கே ஓர் இரவு தங்க ஆசை வருவது இயல்பு. யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் இளம் பிள்ளைகள் கூடாரத்தோடு வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

"பெர்மிட் எங்கே எடுப்பது?" என்று கேட்பவர்கள் ஒரு கந்தோரின் பெயரை எதிர்பார்க்கிறார்கள். வன்னிக் குளத்துக்கு அப்படி ஒரே கந்தோர் இல்லை. தண்ணீரும் குளக்கட்டும் ஒரு திணைக்களத்தின் பொறுப்பு. பின்னாலுள்ள காடு இன்னொன்றின் பொறுப்பு. சரணாலயம் என்றால் மூன்றாவது ஒன்றும் சேரும். அந்தத் தண்ணீரில் வயல் செய்கிற ஊர்ச்சனத்தைக் கேட்காமலும் முடியாது. ஆகவே படிவத்தைத் தேடுவதற்கு முன், கூடாரம் அடிக்க நினைக்கும் அந்தத் துண்டு நிலம் யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போன குடும்பங்களுக்கு இந்த ஒழுங்கு புதிதாக இருக்காது. உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும் நாளுக்காகக் காத்திருந்து, குறித்த நாட்களுக்குள் குமண, யால காடுகளைக் கடந்து போகிறார்கள். பக்திக்கே நாள் குறித்துத்தான் காடு திறக்கிறது. பொழுதுபோக்குக்குப் போகிற நாம் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை.

இடம் யாருடையது?

குளத்தின் பருமனிலிருந்து தொடங்குங்கள். 200 ஏக்கர் வரை வயலுக்கு நீர் கொடுக்கும் குளம் சிறிய குளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அன்றாடம் பார்த்துக்கொள்வது அந்த ஊர்க் கமக்காரர் அமைப்பு. பக்கத்திலுள்ள கமநல சேவை நிலையத்தில் கேட்டால் தலைவர் யார், செயலாளர் யார் என்று சொல்வார்கள். அதைவிடப் பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையவை. மாகாணத் திணைக்களமும் இருக்கிறது, மத்திய திணைக்களமும் இருக்கிறது. எந்தக் குளம் எதனுடையது என்பதைப் பொறியியலாளர் கந்தோரில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். குளக்கட்டு, துருசு (வயலுக்கு நீர் திறக்கும் மதகு), வான் கதவு (மிகை நீரை வெளியேற்றும் கதவு) இருக்கும் பகுதியில் கூடாரத்துக்கு அனுமதி தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். இரணைமடுவில் 2018 டிசம்பரில் வான் கதவுகள் திறந்தபோது கீழே இருந்த ஊர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர் யாரும் அந்தப் பக்கம் படுக்க நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது காடு. ஒதுக்கக் காடாக இருந்தால் வனவளப் பாதுகாப்புத் திணைக்களம். அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம்; 1907 ஆம் ஆண்டின் காடுகள் கட்டளைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. சட்டம் பழையது என்று யாரும் அதை மறந்துவிடவில்லை. வட்டார வன அதிகாரியின் கந்தோருக்குப் போய் இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். அவர் மேலே மாவட்ட வன அதிகாரிக்கு எழுதச் சொல்லுவார்.

மூன்றாவது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். தேசிய பூங்கா ஒன்று, சரணாலயம் வேறொன்று. வன்னியில் மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015 இல் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை. தேசிய பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் கால் வைக்கவே முடியாது. இரவு தங்குவது ஒதுக்கிய இடத்தில் மட்டும். கட்டுக்கரைக் குளம் 1954 முதல் சரணாலயம். கொக்கிளாய்க் களப்பும் சரணாலயம். சரணாலயத்துக்குள் சனத்தின் காணியும் வீடும் இருக்கலாம், வழக்கமான பாதையில் போய்வரலாம். ஆனால் விலங்குக்கோ பறவைக்கோ கூட்டுக்கோ முட்டைக்கோ தீங்கு செய்தால் அங்கேயும் அதே கட்டளைச் சட்டம்தான் பாயும். தடையில்லாமல் நடக்கலாம் என்பதைத் தங்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சரணாலயத்தில் தங்க வேண்டுமானால் அந்த வட்டார வனசீவராசிகள் கந்தோரில் எழுத்தில் கேளுங்கள்.

தண்ணிமுறிப்பை அடுத்த குருந்தூர்மலை போன்ற இடங்களில் தொல்லியல் திணைக்களமும் சேர்ந்துகொள்ளும். அங்கே கூடாரம் வேண்டவே வேண்டாம். வேறு குளம் பாருங்கள்.

ஒரு விஷயம் வெளியூராருக்குத் தெரியாது. எல்லைக் கல் போட்டதில் பல ஊர்களில் சனத்துக்கும் திணைக்களங்களுக்கும் இன்னும் இழுபறி இருக்கிறது. போருக்கு முன் உழுத காணி, திரும்பி வந்தபோது காடாகிக் கிடந்தது. அது இப்போது யாருடையது என்பதில்தான் சிக்கல். நீங்கள் கந்தோரில் கேட்டுவிட்டு ஊருக்குள் போய் "இது வனவளத்தின் காணியாமே" என்று சொன்னால் ஒரு குடும்பத்தின் காயத்தில் கை வைக்கிறீர்கள். திணைக்களத்திடமும் கேளுங்கள், அதைத் தன் காணி என்று சொல்பவரிடமும் கேளுங்கள். இரண்டு பேரும் சரி என்றால்தான் போங்கள்.

எந்தக் காலம்?

ஐப்பசி முதல் தை வரை மாரி. குளம் நிரம்பும், வான் பாயும், காட்டுப் பாதை சேறாகும். அப்போது வேண்டாம். மாசி, பங்குனி நல்ல காலம்: தண்ணீர் இருக்கும், நிலம் காய்ந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் சருகெல்லாம் நெருப்புக்குக் காத்திருக்கும். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி அலைகரையில் புல் முளைக்கும். யானைக் கூட்டம் அங்கேதான் நிற்கும். பார்க்க அதைவிட அழகான காட்சி இல்லை. ஆனால் அதைக் குளக்கட்டில் நின்று பின்னேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் புத்தி.

கடிதம்

பயணத்துக்கு மூன்று, நான்கு கிழமைக்கு முன் கடிதத்தைக் கொடுங்கள். அதிகாரிகள் பாதி நாள் வெளிக்களத்தில் இருப்பார்கள், அதனால் தொலைபேசியில் கேட்டுவிட்டு, பொதுமக்களைச் சந்திக்கும் நாளில் நேரில் போங்கள். தமிழில் எழுதுங்கள்; வடக்கில் நிருவாக மொழி தமிழ்தான். கடிதம் பத்தரமுல்லையிலுள்ள தலைமையகத்துக்கும் போக வேண்டி வந்தால் ஆங்கிலத்தில் ஒரு பிரதி சேர்த்துவிட்டால் வேலை சுறுக்காக நடக்கும்.

கடிதத்தில் அழகான வசனங்கள் தேவையில்லை. அதிகாரி தன் மனதில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் காணும். இப்படி எழுதலாம்:

"மதிப்புக்குரிய ஐயா, நாங்கள் ஐந்து பேர், (குளத்தின் பெயர்) குளத்தின் தெற்குக் கரையில், (திகதி) பிற்பகல் 3 மணி முதல் மறுநாள் காலை 9 மணி வரை, பறவை பார்ப்பதற்காகக் கூடாரமிட்டுத் தங்க அனுமதி கோருகிறோம். விறகு வெட்ட மாட்டோம், தரையில் நெருப்பு மூட்ட மாட்டோம். சமையலுக்குச் சிறிய காஸ் அடுப்புக் கொண்டுவருவோம். குப்பையைத் திருப்பி எடுத்துச் செல்வோம். மதுபானம், ஒலிபெருக்கி, ட்ரோன் கொண்டுவர மாட்டோம். எங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, வாகன இலக்கம், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். இடத்தின் வரைபடமும் உண்டு. எங்களோடு யாரும் துணைக்கு வர வேண்டுமெனில் அதற்கான கட்டணத்தைச் செலுத்துவோம்."

பிரதிகள்: கிராம அலுவலர், பிரதேச செயலாளர், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி. குளம் சிறியதாக இருந்தால் கமக்காரர் அமைப்புத் தலைவருக்கும் ஒன்று. கொடுத்த பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் ஏதும் கேட்டால் அரசாங்கப் பற்றுச்சீட்டுக்கு மட்டும் காசு கொடுங்கள். அனுமதி கிடைத்ததும் மூலப்பிரதி கையில், படம் எல்லார் போனிலும், ஒரு பிரதி வீட்டில்.

"வாய்ச்சொல்லில் சொல்லியாச்சு, போங்கோ" என்று ஒருவர் சொன்னாலும் எழுத்தில் வாங்குங்கள். இரவில் ரோந்து வருகிறவருக்கு அந்த வாய்ச்சொல் தெரிந்திருக்காது.

பதில் "முடியாது" என்று வந்தால் வாதாட வேண்டாம். காரணத்தைக் கேட்டு, வேறு கரையையோ வேறு குளத்தையோ காட்டச் சொல்லுங்கள். காட்டைத் தினமும் நடந்து பார்க்கிறவர்கள் அவர்கள். தனி யானை ஒன்று அந்தப் பக்கம் திரிகிறது என்ற செய்தி உங்களுக்கு முன் அவர்களுக்குத் தெரியும்.

ஊருக்குச் சொல்லுங்கள்

கடதாசி கையில் வந்த பிறகு பலர் நேரே குளத்துக்குப் போய்விடுகிறார்கள். என் கருத்தில் மிக முக்கியமான அனுமதி இனிமேல்தான் வருகிறது. வன்னிக் குளக்கரைக்கு இரவில் தெரியாத வாகனம் வந்தால் ஊர் என்ன நினைக்கும்? மண் ஏற்ற வந்தவர்கள், மரம் அரிய வந்தவர்கள், கசிப்புக் காய்ச்ச வந்தவர்கள், புதையல் தோண்ட வந்தவர்கள். இந்த நான்கும் இங்கே உண்மையாக நடக்கிறவை. ஆகவே ஊர்ச்சனம் பொலிசுக்கு அழைத்தால் அவர்களில் பிழை இல்லை. மண்வெட்டி, கோடரி, பெரிய கத்தி எதுவும் கொண்டுபோகாதீர்கள். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் பழக்கமும் வேண்டாம். மழை காணாத மாதத்தைத் தெரிந்தெடுத்தால் அதற்குத் தேவையே வராது.

பகலில் போய் கிராம அலுவலரைப் பாருங்கள். பிறகு குளத்துக்கு மிக அருகிலுள்ள வீட்டுக்குப் போங்கள். "ஐயா, அம்மா, நாங்கள் இன்ன ஊர், இன்றிரவு அந்த மருதமரத்தடியில் தங்கப் போகிறோம், அனுமதிக் கடிதம் இது" என்று சொல்லி, கேட்கச் சில கேள்விகள் இருக்கின்றன. யானை எந்த வழியால் தண்ணிக்கு இறங்கும்? முதலை எந்தப் பக்கம்? வயலுக்குப் பன்றி வராமல் யாரேனும் மின்கம்பி இழுத்திருக்கிறார்களா? காட்டுக்குள் கட்டுத்துவக்கு (கம்பி இடறினால் வெடிக்கும் பொறித்துவக்கு) வைப்பது உண்டா? கடைசி இரண்டும் சட்டவிரோதம் என்பதால் நேராகப் பதில் வராது. "அந்தப் பக்கம் போகாதேங்கோ தம்பி" என்றால் காணும், அந்தப் பக்கம் போகாதீர்கள். ஏன் என்று துருவ வேண்டாம்.

மாட்டுப்பட்டிக்காரர், குளத்தில் வலை போடும் மீனவர் இவர்களைச் சந்தித்தால் ஆறுதலாகக் கதையுங்கள். யானை பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தூண்டில் போட ஆசையென்றால் முதலில் மீனவர் சங்கத்தைக் கேளுங்கள். குளத்து மீன் குஞ்சு விட்டு வளர்க்கிற பிழைப்பு, தங்கும் அனுமதிக்குள் அது அடங்காது.

பொலிஸ் நிலையத்திலும், பாதையில் இராணுவக் காவல் நிலை இருந்தால் அங்கேயும், கடிதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.

மிதிவெடி

இதை அவசரமாக வாசித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடக்கிறது, பெரும் பகுதி துப்புரவாகிவிட்டது. ஆனால் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா மாவட்டங்களில் வேலை முற்றாக முடியவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு மை பூசிய கட்டை, நாடா கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடி வைக்க வேண்டாம். பலகை இல்லை என்பது பாதுகாப்புக்குச் சாட்சி இல்லை. பலகை விழுந்திருக்கலாம், வெள்ளம் பழைய வெடிபொருளை இழுத்து வந்திருக்கலாம். மாடும் ஆட்களும் தினம் நடக்கும் பாதையில் மட்டும் நடங்கள். குறுக்கு வழி, பழைய பதுங்கு குழி, மண் அணை, மூடிக்கிடக்கும் கிணறு எதையும் ஆராயப் போகாதீர்கள். இரும்புத் துண்டு எதையும் ஞாபகத்துக்கு எடுக்காதீர்கள். சந்தேகமான ஒன்றைக் கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, 119 க்கு அழையுங்கள். கிராம அலுவலரிடம் "இந்தக் கரை துப்புரவாக்கிக் கையளித்த இடமா?" என்று கேட்டு, அவர் ஓம் என்று சொன்ன கரையில் மட்டும் தங்குங்கள்.

கரையில்

வெளிச்சம் இருக்கும்போதே, மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். கூடாரத்துக்கு இடம் பார்க்கும்போது முதலில் நிலத்தைப் பாருங்கள். யானை இலத்தி, அகலமாக மிதிபட்ட தடம், சேற்றில் உருண்ட அடையாளம் இருந்தால் அது அவற்றின் வழி, நீங்கள் விலகுங்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, திறந்த மேட்டில் அடியுங்கள். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும்போது பாலை மரத்தடி கூடாது. கரடி மரமேறிப் பழம் தின்கிற காலம் அது. திடீரென்று எதிர்ப்பட்ட கரடி மிகவும் ஆபத்தானது. வாழைப்பழம், பலாப்பழம், உப்பு கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். யானைக்கு அந்த வாசனை எட்டும். வாகனத்தை வெளியே போகும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். யானை வந்தால் ரோச் லைற்றை முகத்தில் அடிக்காமல், கத்தாமல், எல்லாரும் வாகனத்துக்குள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.

பாம்பு விஷயத்தில் ஒரே விதி: வெறுந்தரையில் படுக்காதீர்கள். எண்ணெய் விரியன் இரவில் ஊர்ந்து வந்து உறங்குகிறவரைக் கடிக்கும். வலி அதிகம் இல்லாததால் கடிபட்டதே தெரியாமல் போகலாம். அடிப்பகுதி தைத்த கூடாரத்தை எடுங்கள், சிப்பை எப்போதும் மூடி வையுங்கள். சருகுக்குள் கிடக்கும் புடையனுக்குச் சப்பாத்தும் ரோச் லைற்றும்தான் காவல். கடித்தால் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, 1990 அம்புலன்சுக்கு அழைத்துவிட்டு, பெரிய வீதியை நோக்கி வாகனத்தை விடுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நகரங்களில் மாவட்ட வைத்தியசாலைகள் இருக்கின்றன. எது கிட்டியது, எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளிப்பது ஊர்ச்சனம் குளிக்கிற துறையில், பகலில். துருசுக்குக் கிட்டப் போகவே வேண்டாம். தாமரைக்கொடி படர்ந்த பக்கமும் கூடாது. குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், ஆளுக்கு நான்கு லீற்றர் குறையாமல்.

முதல் தடவை என்றால்

இவ்வளவும் பாரமாகத் தெரிந்தால் இரண்டு வழிகள் சொல்கிறேன். ஒன்று, குளத்துக்குக் கிட்டவுள்ள தோட்டக்காணியில் சொந்தக்காரரைக் கேட்டுத் தங்குவது. வேலி உண்டு, கிணறு உண்டு, துணைக்குச் சனம் உண்டு, விடிய ஐந்து நிமிடத்தில் குளக்கட்டு. தெரிந்தவர் ஒருவர் இல்லாத வன்னி ஊர் இல்லை. சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மற்றது, வன்னியின் தெற்கு விளிம்பிலிருக்கும் வில்பத்து. மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கை ஏரிகளை அங்கே வில்லு என்பார்கள். 1938 முதல் தேசிய பூங்கா. வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய கூடார இடங்களைத் திணைக்களத்தின் இணையவழி முன்பதிவில் எடுக்கலாம். நீண்ட விடுமுறை நாட்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் ஒரு மாதத்துக்கு முன்பே பாருங்கள். அனுராதபுரத்தால் போய் ஹுணுவிலகம வாயிலால் நுழையலாம். வாயில் காலை 6 முதல் மாலை 6 வரை. திணைக்களத்து வழிகாட்டி கூட வருவார். உள்ளே கால்நடையாகத் திரிய முடியாது, குறித்த இடங்களில் மட்டும்தான் வாகனத்தை விட்டு இறங்கலாம். அடையாள அட்டை எல்லாரும் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள உறவுகளுக்குக் கட்டணம் பல மடங்கு, அதை முதலே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது

காலையில் கூடாரத்தைக் கழற்றிய பிறகு அந்த இடத்தை வட்டமாக ஒரு தடவை நடந்து பாருங்கள். பொலித்தீன் துண்டு, சிகரெட் அடி, மீன் ரின், எதுவும் மிஞ்சக் கூடாது. மாடும் யானையும் பொலித்தீனைத் தின்று சாகின்றன. முந்தியவர் விட்ட குப்பையையும் ஒரு பையில் எடுங்கள். பிறகு நேற்றுச் சொல்லிவிட்டு வந்த வீட்டுக்கும், கிராம அலுவலருக்கும், கடிதம் கொடுத்த கந்தோருக்கும் "வெளிக்கிட்டுவிட்டோம்" என்று ஒரு அழைப்பு. இதைச் செய்யாமல் போனால் காட்டில் ஆட்கள் நிற்கிறார்கள் என்ற கணக்கில் அவர்கள் அன்று முழுக்க இருப்பார்கள். இரவில் யானை கண்ட இடம், புதிதாக மரம் அரிந்த அடையாளம், சந்தேகமான சுருக்குக் கம்பி எதையேனும் கண்டிருந்தால் அந்த அழைப்பிலேயே சொல்லுங்கள். பற்றுச்சீட்டையும் கடிதத்தையும் வீசாமல் வைத்திருங்கள். அடுத்த தடவை கேட்கும்போது பழைய அனுமதியின் பிரதியை இணைத்தால் பதில் சீக்கிரம் வரும்.